கறிவேப்பிலையில் குருவி எச்சம்

கீரனூரில் இந்த வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு கறிவேப்பிலைக் கன்றுகள் காய்ந்துபோயின. மூன்றாவதுதான் பிழைத்தது. புளித்த மோர் ஊற்றி ஊற்றி அதை இடுப்பளவுக்குக் கொண்டுவந்தேன். திருச்சி பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்திலும் அதை ஒரு பார்வை பார்க்காமல் கிளம்ப மாட்டேன்.

ஒருநாள் இலைகளில் கறுப்பும் வெள்ளையுமாகக் குருவி எச்சம். எனக்கு ஆத்திரமாக வந்தது.

“எச்சம் பட்ட கொப்பத் தொடாதம்மா. மழை பேஞ்சா கழுவிட்டுப் போயிரும்,” என்றார் மாமியார். எங்கள் வீட்டில் எச்சம் பட்ட இலை அடுப்படிக்குள் வராது. அந்தக் கொப்புகளை விட்டுவிட்டு மற்றதில் பறித்தோம்.

மழை வரவில்லை. எச்சம் வளர்ந்தது! சில நாளில் விரல் தடிமனில் பச்சைப் பசேலென்று புழுக்கள், பாதிச் செடி மொட்டை. நாங்கள் அருவருத்து ஒதுங்கியதெல்லாம் சின்னப் புழுக்களாம். குருவியை ஏமாற்றப் போட்ட வேஷத்துக்கு நாங்களும் ஏமாந்திருக்கிறோம். குச்சியால் தட்டப்போனேன். அதில் ஒன்று, இரண்டு பெரிய கண்களைக் காட்டிச் சடாரென்று சிவப்பாகப் பிளந்த நாக்கை நீட்டியது. பாம்பென்று அலறிவிட்டேன்.

“அது கண்ணுமில்ல, நாக்குமில்ல. சும்மா மெரட்டுது. பாவம், அதும் பொழைக்கணும்ல?” என்றார் பள்ளியில் உயிரியல் நடத்தும் என் கணவர்.

“அப்ப என் செடி பொழைக்க வேணாமாங்க?”

அவர் ஒரு புழுவைக் கொப்போடு ஒடித்து ஊறுகாய் பாட்டிலில் வைத்துக்கொண்டார். மற்றதையெல்லாம் நான் தட்டித் தள்ளினேன்.

பாட்டிலிலிருந்து கடைசியில் வந்தது, கறுப்பு இறகில் சிவப்புப் பொட்டு வைத்த பட்டாம்பூச்சி. அந்தச் சிவப்பும் இரவலாம். வேலியில் படர்கிற ஆடுதின்னாப்பாளையைத் தின்று உடம்பில் விஷமேறிய வேறொரு பட்டாம்பூச்சியின் நிறம் அது. அதைத் தின்று ஒருமுறை குமட்டிய பறவை, பிறகு அந்த நிறத்தின் பக்கமே போகாதாம். பாட்டிலில் பிறந்த இவள் உடம்பில் விஷம் ஏது? அத்தனையும் என் கறிவேப்பிலை! திறந்துவிட்டபோது கம்பியில் இருந்த கரிச்சான் குருவி பார்த்துக்கொண்டே இருந்தது, தொடவில்லை.

போன மாதம் செடி மறுபடி துளிர்த்தது. மறுபடி இலையில் கறுப்பும் வெள்ளையும். இனியுமா ஏமாறுவேன் என்று வெறுங்கையால் நசுக்கினேன்.

நிஜமான எச்சம்.

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியதில் பஸ் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால், பக்கத்து இலையில் இன்னொன்று. சீ, போதும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அது மெல்ல நகர்ந்து துளிரைக் கடித்தது.