ஓதிலின் பீப்பாய்

ஞாயிற்றுக்கிழமைகளில் முலாம்பழத்தை இரண்டாக அரிந்து, விதை வழித்து, குழியில் பினோ என்ற இனிப்பு மதுவை ஊற்றி வைப்பது ஓதிலின் வேலை. வாக்கப்பட்டு வந்த இருபத்தாறு வருஷமாக அவளை அந்த அடுப்படியில் யாரும் முந்தியதில்லை. கணவன் அர்மான் ஒரு பாதிப் பழத்தோடு நிறுத்திக்கொள்வான். அவனுடைய அண்ணன் லூசியனுக்கு மூன்றாவது வேண்டும்.

"ஓதில், ஊர்ல எவ வீட்டுப் பினோவும் இதுகிட்ட நிக்காது" என்றார் லூசியன், கரண்டியை நக்கியபடி. "சனிக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம். அப்பாவோட கொன்யாக் பீப்பாயத் திறந்துரலாம்."

மூத்த பேத்தி கல்யாணத்துக்கு என்று மாமனார் கொன்யாக் பிராந்தியை நிரப்பி மூடிவைத்த பீப்பாய் அது. ஓதிலின் கத்தி பாதிப் பழத்தில் நின்றது.

எட்டு வருஷத்துக்கு முன், அறுவடை அவசரத்தில், எது என்று பாராமல் அவள் அந்தப் பீப்பாயைத் தட்டிப் பார்த்தாள். வெறும் பீப்பாய் போல ஒலித்தது. குழாயை உள்ளே விட்டுப் புதுத் திராட்சைச் சாற்றைத் திறந்துவிட்டாள். கொன்யாக் வாசனை மேலே வந்தபோது பீப்பாய் நிறைந்திருந்தது. பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள். மறுவருஷம் ருசி பார்த்தாள். ஒரு பங்கு கொன்யாக்குக்கு மூன்று பங்கு சாறு, அளந்து ஊற்றியதுபோல. அன்று முதல் ஓதிலின் பினோ என்று வீட்டில் எல்லோரும் குடிப்பது அதைத்தான்.

"ஒரு சொட்டு யாரும் தொடல, தளும்பத் தளும்ப இருக்கும்" என்றான் அர்மான்.

"அப்படிச் சொல்ல முடியாதுடா. ஆவியாப் போயிருக்கும்ல? நிறையவே போயிருக்கும்" என்றார் லூசியன், அவசரமாக.

ஓதில் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அத்தான், திறக்க ஒண்ணுமில்ல. அது உங்க பழத்துலதான் இருக்கு. தெரியாம நான்தான் சாற ஊத்திட்டேன்."

"அடிப்பாவி! எங்கப்பா சொத்து!"

"ஏசுங்க, வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. தளும்ப இருந்த பீப்பாய்ல முக்கால் பீப்பாய் சாறு எப்படி உள்ள போச்சு? எனக்கு முன்னால எடம் பண்ணி வச்சது யாரு?"

அர்மான் மெல்லத் திரும்பினான். பத்து வருஷத்துக்கு முன் பட்டணத்தில் வீடு கட்டிப் போகும்வரை, கசிகிறதா பார்க்கிறேன் என்று தினமும் பீப்பாய்க் கொட்டகைக்குப் போனது ஒரே ஆள்தான்.

"அண்ணே?"

லூசியன் மூன்றாவது பழத்தை, பினோ சிந்தாமல், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.