செல்வராஜின் பாசிப் பை

ஹெப்பாளில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். நம் ஆய்வகத்து மஞ்சுநாத் ஸ்கூட்டரை நிறுத்தி, "சார், செல்வராஜ் ஹோகிபிட்ரு... போயிட்டார். காலையில ஹார்ட் அட்டாக்" என்றார். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. இங்கே கூடியிருக்கிற உங்களுக்கெல்லாம் அவர் 'பாசிக்காரர்'. எனக்குப் பக்கத்து மேசைக்காரர். தினமும் சண்டை போடக் கிடைத்த நண்பர்.

பாசியிலிருந்து மக்கும் பிளாஸ்டிக் செய்யப்போவதாக அவர் கிளம்பியபோது சிரிக்காதவர் யார்? முதலில் சிரித்தவன் நான்தான். அவர் ஹனூர்க்காரர், ரோஷம் அதிகம். தொட்டியில் பாசி வளர்த்தார், உலர்த்தினார், அதிலிருந்து பிரித்தெடுத்ததைக் கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தார். அப்பளம் போல நொறுங்கியது. "நேத்தைவிட இன்னிக்குப் பெரிய துண்டா நொறுங்குதுங்க" என்பார். அவர் சோர்ந்து நான் பார்த்ததேயில்லை.

ஒருநாள் நொறுங்காத தாள் வந்தது. அதை நாற்றுப் பையாக்க, ஓரங்களைச் சூட்டில் ஒட்டப் பார்த்தோம், கருகிவிட்டது. அக்ரஹாரத்துக் கடையில் நைலான் நூல் வாங்கிவந்து கையாலேயே தைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்யா, மக்குற பைக்கு மக்காத நூலா? புத்தி இருக்கா?" என்று கத்தினேன். "கைக்குக் கெடச்சது அதுதானுங்க" என்று சாவகாசமாக முடிச்சுப் போட்டார்.

மண் நிரப்பித் தோட்டத்தில் புதைத்தோம். பக்கத்திலேயே ஒரு பாலிதீன் பை. மாதங்கள் கழித்து மேலிடத்துக் குழு வந்தது. பாசிப் பை மக்கவில்லை என்றால் வேலையை நிறுத்திவிடுவதாக முன்பே சொல்லியிருந்தார்கள். தோண்டினோம். பாலிதீன் பை, கழுவினால் காய்கறி வாங்கப் போகலாம் என்கிற அழகில் வந்தது. அடுத்த குழியில் வெறும் மண்.

குழுத் தலைவர் தமிழர். "எங்கேப்பா பை? ஒண்ணுமே இல்லையே!"

"இல்லாததுதானுங்க சார் ரிசல்ட்டு!"

"புதைச்சதுக்கு என்ன சாட்சி?"

செல்வராஜ் குழியில் இறங்கி விரலால் மண்ணை விலக்கினார். நைலான் நூல் கிடந்தது. தையல் தையலாக, முடிச்சுகளோடு, பையின் ஓரம் போன வழியே கிடந்தது. பை மட்டும் இல்லை. தலைவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நடத்துங்க" என்றார். செல்வராஜ் போட்ட கூச்சலில் ஆய்வகமே வெளியே ஓடி வந்தது. மண் கையோடு என்னைக் கட்டிப்பிடித்து என் வெள்ளைச் சட்டையை நாசமாக்கினார்.

அவர் போன மறுநாள் ஹனூரில், அவர் நிலத்திலேயே, அவரை மண்ணில் வைத்தோம். மண்ணுக்குள் போனது மிச்சமில்லாமல் மறைய வேண்டும் என்பது அவர் கட்சி. அதில் ஜெயித்தும் காட்டினார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் எதிர்க்கட்சி. அவருடைய கூச்சலை நான் வைத்துக்கொள்கிறேன்.