வெள்ளி பின்னேரம் ரொய்லெற்றுக்குப் போற வேலை

குசினி வேலையில சட்டி கழுவுறது லேசு, எந்தச் சட்டி எண்டு கேட்டால்தான் சண்டை.

டென்மார்க்கில, ஹொல்ஸ்டெப்ரோவில அம்மா வேலை செய்யிற முதியோர் இல்லத்தில எனக்கும் ஒரு லீவு வேலை பாத்து வைச்சிருந்தா. வீட்டிலயும் அம்மா, வேலையிலயும் அம்மா. கடற்கரைப் பக்கம் யூதப் பிள்ளையளின்ர கோடை முகாம் ஒண்டில குசினிக்கு ஆள் தேடினவை, ஓடிப்போய்ச் சேந்திட்டன். கொஞ்ச நாள் பாத்துத்தான் வைச்சிருப்பம் எண்டவை. பிழைச்சால் திரும்ப அம்மாதான். லீவு வேலை செய்து நொந்த ஆக்களுக்கு இது விளங்கும்.

சப்பாத்து

இந்த வெள்ளி வீட்டை வரேலாது எண்டு அம்மாவுக்குப் போன் எடுத்தன். வெள்ளி பின்னேரம் சபாத் தொடங்கினால் சனி இருட்டும் மட்டும் அவை ஒரு வேலையும் செய்யாயினம், பாட்டும் சாப்பாடும்தான், நான் நிக்கவேணும் எண்டன். காலில போடுற சப்பாத்துக்கு எதுக்குக் கொண்டாட்டம் எண்டு அம்மா கேட்டா. சபாத், ஓய்வுநாள் எண்டு கத்தினன். என்னவாம் எண்டு பின்னால அப்பா கேட்டது கேட்டுது. அம்மா ஆறுதலாச் சொன்னா: "சப்பாத்தைக் கழட்டிப்போட்டுச் சும்மா இருக்கிற நாளாம்."

மீன் எந்தப் பக்கம்

குசினிக்குப் பொறுப்பு ராகெல். பால் சாமானுக்கு நீலத் தட்டு, இறைச்சிக்குச் சிவப்புத் தட்டு, ரெண்டும் கலக்கக்கூடாது எண்டு காட்டத் தொடங்கினா. நான் நடுவில மறிச்சு, எங்கட வீட்டிலயும் மச்சச் சட்டி வேற, சைவச் சட்டி வேற, எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை எண்டன்.

வியாழன் மத்தியானம் மீன். மீன் மச்சம்தானே? சிவப்புத் தட்டில அடுக்கி அவணுக்குள்ள வைச்சன். பட்டர் சோஸோட வந்த ராகெல் தட்டின்ர நிறத்தைக் கண்டு அப்பிடியே நிண்டிட்டா. பட்டர் பால் சாமான், இறைச்சித் தட்டில ஊத்தேலாது. பிள்ளையள் எல்லாம் வெறும் மீன் சாப்பிட்டுதுகள். மீன் இறைச்சியும் இல்லையாம், பாலும் இல்லையாம். கண்ணும் செதிளும் இருக்கிற சாமான் பேந்தென்ன கத்தரிக்காயோ எண்டு நான் விடாமல் சண்டை பிடிச்சன். ராகெல் குரலை உயர்த்தேல்லை. "இன்னொரு பிழை விட்டால் நீர் வீட்டை போகலாம். மீன் கத்தரிக்காய்தான்."

இருட்டு

வெள்ளி பின்னேரம். எல்லாரும் வெள்ளைச் சேட்டு, மேசையில பின்னல் பாண், பிள்ளையள் மேசையில தட்டித் தட்டிப் பாட்டு. மெழுகுதிரி கொளுத்தினாப் பிறகு அவை ஒரு சுவிச்சும் தொடாயினம், எரியிற லைற் எரியட்டும். இதை ராகெல் எனக்கு ஒழுங்காத்தான் சொன்னவ. ஆனால் என்ர கை கரண்ட் பில்லுக்குப் பயந்த வீட்டில வளந்த கை. யன்னலில்லாத ரொய்லெற்றைக் கடந்து போகேக்க லைற்றை நூத்துப்போட்டன். உள்ள ஆக்கள் இருந்திருக்கினம். குளறின சத்தம் பாட்டுக்கு மேலால கேட்டுது.

முகாம் பொறுப்பாளர் டானியல் வந்தார். உள்ள சரியான இருட்டு எண்டார். ஓம், இருட்டுத்தான் எண்டன். சின்னப் பிள்ளையள் பயப்பிடுதுகள் எண்டார். அப்ப லைற்றைப் போடச் சொல்லிக் கேளுங்கோவன், வாயில என்ன கொழுக்கட்டையோ எண்டன். அவர் சிரிச்சுக்கொண்டு நிண்டார். ராகெலும் வந்து பக்கத்தில நிண்டா. சபாத்தில போடு எண்டு என்னட்டக் கேக்கவும் அவைக்கு ஏலாதாம் எண்டது அப்பதான் விளங்கிச்சுது.

மூஞ்சைக்கு நேர கதைக்கிற டென்மார்க்கில எனக்கு வாய்ச்சது இது. ஆனால் இந்தப் பாஷை எனக்குப் புதுசில்லை. எங்கட அம்மா ஒருநாளும் தேத்தண்ணி போடு எண்டு சொன்னதில்லை. தொண்டை காயுது எண்டுதான் சொல்லுவா. எனக்கு ரொய்லெற்றுக்குப் போகவேணும், எனக்கு இருட்டெண்டால் பயம் எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லிப்போட்டு, எனக்காகப் போய் லைற்றைப் போட்டன். எனக்கெண்டு போட்ட வெளிச்சத்தில மற்றவையும் இருக்கலாமாம். கதவுக்குப் பின்னால இருந்து ஒரு பெட்டை சொன்னாள்: "இப்ப நல்ல வெளிச்சம். சில பேர் போகேக்க நூத்துப்போட்டுப் போறவை."

ஞாயிறு

மீன் ஒண்டு, லைற் ஒண்டு. நான் பையை அடுக்கிப்போட்டன். முதியோர் இல்லத்தில ஒரு இடம் இன்னும் காலியாக் கிடக்கெண்டு அம்மாவின்ர மெசேஜும் வந்திட்டுது. ராகெல் வந்து பையைப் பாத்தா. ஓய்வுநாள் முடிஞ்சுது, எதையும் நேராச் சொல்லலாம். அவ யன்னலைப் பாத்துச் சொன்னா: "அடுத்த வெள்ளியும் ஆருக்கோ இருட்டெண்டால் பயமா இருக்கும்."

நேரா ஒண்டையும் கேக்காத ஒரு மனிசியிட்ட இருந்து தப்பவெண்டு வீட்டை விட்டு ஓடிவந்தன், இப்ப அப்பிடியான ஒரு முகாமே எனக்குச் சம்பளம் தருது.