கூரையில் பிசின் ஒட்டாத இடம்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் எழுதுவது கொஞ்சம் அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள். ஆனால் தெருவில் யாராவது கார் துடைத்துக்கொண்டிருந்தால் இன்றும் என்னால் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை.

டில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் அப்போது நாங்கள் தரைத்தளத்தில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. பெரியப்பா இறந்ததும் அவருடைய அரசாங்க வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெரியம்மா எங்களோடு வந்துவிட்டாள். கூடவே அவருடைய பழைய நீலக் காரும் வந்தது. பெரியம்மாவுக்கு ஓட்டத் தெரியாது; அப்பாவுக்கு ஸ்கூட்டரோடு சரி. கார் மாமரத்தடியிலேயே நின்றது. மரம் அதன் மேல் பிசினாகச் சொட்டிக்கொண்டே இருந்தது. விடியாத இருட்டில் காரை ஒட்டி யாரோ நிற்பதாக எதிர் பிளாக் பிள்ளைகள் சொல்வார்கள். நான் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவேன்.

குளிர்காலத்தில் கரோல் பாகிலிருந்து ஒருவர் காரை வாங்க வருவதாக ஏற்பாடாயிற்று. "நிறுத்தி வச்சு என்ன செய்யப் போறோம், தம்பி" என்று பெரியம்மாவும் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "கார் போச்சுன்னா அக்காவும் படுத்துருவா, பாத்துக்கிடுங்க" என்று அம்மா அடுப்படியில் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

வாங்குகிறவர் வருவதற்கு முந்தின நாள் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு காரைச் சுத்தம் செய்ய இறங்கினார். பிசினுக்குத் தேங்காய் எண்ணெய்தான் என்று அவராகவே முடிவு செய்திருந்தார். உறைந்திருந்த எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கி, துணியில் நனைத்து, பிசின் பொட்டின் மேல் வைத்துக் காத்திருக்க வேண்டும். இளகியதும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

"ஏளா, நகத்தால சுரண்டாத. பெயிண்டும் சேந்து வந்துரும்."

மாடிவீட்டு சர்தார்ஜி எண்ணெய் மினுங்கும் பானெட்டைப் பார்த்துவிட்டு நின்றார். "க்யா பாய் சாப், தோசா பனா ரஹே ஹோ?" தோசை சுடுகிறோமாம். அப்பா "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டு ரோஷத்தோடு தேய்த்தார்.

பிசினுக்கு அடியில் பழைய மெழுகு இருந்தது. ஞாயிறுதோறும் பெரியப்பா பூசிய பாலிஷ், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மஞ்சளித்துப் போயிருந்தது. அதை அப்பா மண்ணெண்ணெய்த் துணியால் எடுக்க எடுக்க, நீலம் மேலே வந்தது.

கூரையைத் துடைக்க என்னை ஸ்டூலில் ஏற்றினார். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவுக்கு மேலே, ஒரு இடத்தில் மட்டும் பிசினே இல்லை. தலையளவுக்கு ஒரு வட்டம். அதன் இருபுறமும் நீளமாக இரண்டு கைகள். யாரோ வெளியே நின்று, கன்னத்தைச் சாய்த்து, காரைக் கட்டிக்கொண்டிருந்த மாதிரி. நாங்கள் அங்கே இன்னும் எண்ணெய் தொடவில்லை. ஆனால் குனிந்தால் தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது.

"அப்பா, இங்க யாரோ இருக்காங்க."

அப்பா எட்டிப் பார்த்தார். சுற்றிலும் துடைத்தார். அந்த உருவத்தை மட்டும் தொடவில்லை. தொடாமல் விட்டதுதான் மோசமாயிற்று. பளபளக்கும் நீலத்தின் நடுவே, மஞ்சள் மெழுகில் அந்தக் கைகள் இன்னும் தெளிவாக விரிந்து வந்தன.

பெரியம்மா எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. அப்பாவின் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டாள்.

"மதினி, விக்க வேண்டாம்னா ஒரு வார்த்த சொல்லுங்க. வாரவர திருப்பி அனுப்பிருதேன்."

"வேண்டாம் தம்பி. எத்தன நாளைக்கு?"

அவளே தேய்த்தாள். முதலில் ஒரு கை போனது. பிறகு மற்றது. தலை இருந்த இடத்தில் துணி வெகுநேரம் நகரவில்லை.

நான் அழுதுகொண்டிருந்தேன். "யாரு பெரியம்மா அது?"

"பயப்படாத. இனிமே வராது."

பேயைத் துரத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் விடியுமுன் பால் பூத்துக்குப் போகிறவள் பெரியம்மாதான். குளிருக்குத் தலையிலும் கைகளிலும் தேங்காய் எண்ணெயை அப்பிக்கொண்டு போவாள், திரும்ப நேரமாகும், கியூ என்பாள். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் பெரியம்மா பாலோடு சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள். பத்து மணி வாக்கில் கரோல் பாக்காரர் வந்து காரை ஓட்டிக்கொண்டு போனார்.