விதைப்பானையில் கிடந்த ரூபாய்

கோகிலவாணி ஆள் முகத்தைப் பார்த்து வியாபாரம் பேசமாட்டாள். கையைத்தான் பார்ப்பாள். கொண்டுவந்த பொருளை இறுக்கிப் பிடித்திருந்தால் விற்க மனசில்லாத கை. கொஞ்சம் விட்டுப் பிடிக்க வேண்டும். முந்தானை முடிச்சை அவிழ்க்கும்போதே நடுங்கினால் அவசரக் கை. பாதி விலை போதும். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஓர் அடகுக் கடையில் உரைகல்லோடும் தராசோடும் இத்தனை காலம் உட்கார்ந்து கற்ற பாடம் அது. முகத்தைப் பார்த்தால் எடை தப்பும் என்பாள்.

அந்தக் கடையில்தான் அவளுக்குக் காசுப் பித்துப் பிடித்தது. மீட்க ஆளில்லாமல் முழுகிப்போன வெள்ளியை மொத்தமாக உருக்க அனுப்புவார்கள். கொலுசுக்கும் அரைஞாணுக்கும் நடுவே பழைய வெள்ளி ரூபாய்கள் கிடக்கும். மூட்டை கட்டுவதற்கு முன்னால் அவற்றைப் பொறுக்கி எடுத்து, எடைக்கு எடை தன் சம்பளத்தில் கழித்துக்கொள்வாள். தாலியை மீட்க முடியாமல் ஒருத்தி கடை வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது இவள் உள்ளே பூதக்கண்ணாடி வைத்து விக்டோரியா ராணியின் கொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கடைப் பையன்கள் சொல்வார்கள். அவளும் மறுப்பதில்லை.

"அழுவறவ நாளைக்கும் அழுவா. உருக்கின காசு திரும்பி வருமா?"

லாரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் உளுந்தூர்பேட்டையில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அதற்கு அவள் அழவில்லை. போகும்போது அவள் பழங்காசு சேர்த்து வைத்த டப்பாவிலிருந்து ஒரு பிடி காசை அள்ளிக்கொண்டு போயிருந்தான். அதற்கு அழுதாள்.

அவளிடம் ஓர் ஆல்பம் இருந்தது. ராணி காலம் தொட்டு முழு வெள்ளியில் அடித்த ரூபாய்கள், வருஷத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் தனிக் குழியில். கடைசிக் குழி மட்டும் காலி. முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபாய். அந்த வருஷத்துக் காசு புழக்கத்துக்கு வந்ததே கொஞ்சம் என்பதால் அதைக் கண்ணால் பார்த்தவர்களே கம்மி. சேலத்துப் பழங்காசு வியாபாரி தெய்வசிகாமணி ஒவ்வொரு காசுக் கண்காட்சியிலும் அந்தக் குழியில் விரலை வைத்து அழுத்திவிட்டுச் சொல்வார்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது வாணி. முன்பல்லு ஒண்ணு இல்ல. பொக்க வாயி."

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். வீட்டுக்குப் போய் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே சோறு தின்பாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி அவள் ஊரிலேயே நடந்தது. துருகம் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். சாயங்காலம் முழு வரிசை வைத்திருப்பவர்களுக்குப் போட்டி. நடுவர் சின்னசேலத்துக் காசிநாதன், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். இந்தச் சுற்று வட்டாரத்தில் அவர் நிஜம் என்று சொன்னால்தான் காசு, இல்லையென்றால் தகரம். குறை உள்ள ஆல்பத்தை அவர் மேடை ஏற்றமாட்டார். ஆகவே கோகிலவாணி வழக்கம்போல வியாபார மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேசையில் தெய்வசிகாமணி.

காலையில் முதல் ஆளாக ஒரு பெரியவர் வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"பேத்தி போன்ல பாத்தாம்மா. லட்சக்கணக்குல போவுதுன்னு போட்டிருந்தானாம்."

"போவும் போவும். எங்க போவுதுன்னு சொன்னானா?"

"அது தெரியிலம்மா."

"டீக்கடைக்குப் போவும். அஞ்சு ரூபாய்க்கு அர டீ குடுப்பான். மீதிய நீங்க கைலேர்ந்து போடணும்." குரலை உயர்த்தினாள். "ண்ணா, லட்சாதிபதி வந்துகீறாரு. எழுந்து நின்னு ஒரு கும்புடு போடுங்க."

தெய்வசிகாமணி எழுந்து கும்பிட்டார். மண்டபமே சிரித்தது. பெரியவர் நோட்டை உறைக்குள் திருப்பி நுழைக்கப் பார்த்தார், விரல் வசப்படவில்லை. நோட்டைக் கையில் பிடித்தபடியே போனார்.

இருசம்மாள் வந்தது அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர். முதல் பஸ்ஸில் இறங்கி, கண்டவர்களைக் கேட்டு மண்டபத்துக்கு வந்திருந்தாள். வரிசையாக ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்த மேசைகளையெல்லாம் தாண்டி, பொம்பளை உட்கார்ந்திருந்த ஒரே மேசைக்கு நேராக வந்தாள்.

"யக்கா, பழைய காசு எடுப்பியா?"

முந்தானை முடிச்சை அவிழ்க்கும்போது கை நடுங்கியது. கோகிலவாணி கையைப் பார்த்தாள். அப்புறம் காசைப் பார்த்தாள்.

கன்னங்கரேலென்று இருந்தது. வெள்ளி வெகுகாலம் கை படாமல் கிடந்தால் ஏறும் கறுப்பு. சேகரிப்பவர்களுக்குத் தங்கமுலாமைவிட ஒசத்தி. ராஜாவின் கிரீடத்தில் ஒரு மணிகூடத் தேயவில்லை. திருப்பினாள். ஒன்று, ஒன்பது, மூன்று, ஒன்பது.

காலிக் குழியின் வருஷம். ஆனாலும் அவள் முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்ததுபோல்கூட எதுவும் அசையவில்லை.

"எங்க கெடச்சிது?"

"வெதப்பானையில கெடந்துச்சிக்கா. எங்க வூட்ல சாமை வெதய கட்டி வைக்கசொல்ல ஒரு வெள்ளி ரூபா உள்ள போட்டுத்தான் வாய மூடுவோம். மாமியாருக்கு மாமியா போட்டதாம். மறுவருசம் வெதய எடுத்துட்டு காச திருப்பி உள்ளயே போட்டுடுவோம். இந்த வருசம் கூர ஒழுவி வெத பூரா பூசணம் புடிச்சிப்போச்சி. வெதயே இல்ல, காசு எதுக்கு? ஒரு மூட்ட வெதைக்கு ஆவுறத குடுக்கா. ஆடிக்குள்ள வெதைக்கணும்."

அந்தக் காசின் நிஜ விலைக்கு ஒரு ஜோடி உழவு மாடு வாங்கி, அதைக் கட்டக் கொட்டகை போட்டு, மேலே ஓடும் வேயலாம். ஒரு மூட்டை விதைக்குச் சரி என்று அவள் அப்போதே எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் கேட்ட விலைக்குத் தலையாட்டும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. உடனே வாங்கினால் பக்கத்து மேசைக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்பது ஒன்று. விற்க வந்தவரைக் காயவிட வேண்டும் என்பது இன்னொன்று. ஒரு வேளைப் பசியில் பாதி விலை இறங்கும், இதுவரை தப்பியதில்லை.

காசை மேசைமேல் தட்டென்று போட்டாள்.

"இன்னாடி இது, கரி புடிச்சி அழுக்கா கீது? அடுப்புல கெடந்ததா? இத்த யாரு தொடுவாங்க? வெள்ளி எடைக்குப் பாத்தா அர மூட்ட வெதைக்கு ஆவும். அதுவே ஜாஸ்தி."

"அர மூட்டய எட்ன்னு போயி நான் இன்னா பண்றதுக்கா?"

"அப்ப போயி யோசன பண்ணு. மத்தியானமா வா." அவள் வேறு மேசைக்குப் போய்விடக் கூடாதே என்று முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன் கேளு. இங்க குந்திக்கினு கீற எவன்கிட்டயும் இத்த காட்டிடாத. பொதையல் காசுன்னு போலீசுக்கு சொல்லிடுவான். மலக்காரின்னா விசாரிக்கக்கூட மாட்டான், வண்டியில ஏத்திடுவான். யாரு கேட்டாலும் எங்கிட்ட காசே கெடையாது, யாருக்கும் ஒண்ணும் குடுக்கலன்னு சொல்லு. செத்தாலும் அதையே சொல்லு. பொம்பளயாச்சேன்னு ஒங்கிட்ட சொல்றேன்."

இருசம்மாளின் கண் மண்டப வாசலில் நின்ற காக்கிச் சட்டைக் காவலாளியிடம் போய் வந்தது. காசை முடிந்துகொண்டாள்.

"நீ நல்லா இருக்கணுங்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோகிலவாணி அப்புறம் கலகலவென்று வியாபாரம் செய்தாள். கல்லூரிப் பையன் ஒருவனிடம் மாலையில் கோக்க ஓட்டை போட்டு அப்புறம் அடைத்த காசை ஓட்டை இல்லாத விலைக்குத் தள்ளினாள். விழா நடத்துபவர்களிடம் போய்த் தன் ஆல்பத்தைப் போட்டியில் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.

தெய்வசிகாமணி காதில் அது விழுந்தது. "பொக்க வாயோடவா மேட ஏறப் போற?"

"சாயங்காலம் பாருங்கண்ணா. கடிக்கப் போறேன்."

மத்தியானம் மண்டபத்துப் பின்கட்டிலிருந்து இருசம்மாள் வந்தாள். நடையில் ஒரு துள்ளல். முந்தானையை அவிழ்க்கும்போது இந்தத் தடவை கை நடுங்கவில்லை. புதுப் பாத்திரக் கடை வாசலில் வெயில் பட்டதுபோல மேசைமேல் ஏதோ பளீரென்றது.

"இப்ப பாருக்கா. நீ சொன்ன அழுக்கு ஒரு பொட்டு இருக்குதா? பின்னால ஜெயம்மான்னு ஒரு அம்மா சாம்பார் அண்டா தேய்ச்சிக்கினு இருந்தாங்க. அவங்களாண்ட கொஞ்சம் புளிச் சக்கையும் செங்கத் தூளும் வாங்கி, தேங்கா நாருல தேயி தேயின்னு தேச்சேன். தோள்பட்டையே போச்சி. அழுக்கா கீற சாமான சந்தைக்கு எட்ன்னு போவக் கூடாதுன்னு அந்தம்மாவும் சொன்னாங்க. இப்பவாச்சும் ஒரு மூட்டைக்கு குடுப்பியா?"

கோகிலவாணி பூதக்கண்ணாடியை எடுத்தாள். ராஜாவின் கன்னத்தில் பூனை பிறாண்டியதுபோலக் கோடுகள். கிரீடத்தில் மணி இல்லை. கடைசி ஒன்பதின் சுழியைச் சுற்றிலும் கீறல். எண்பது வருஷத்துக்கு மேல் பானைக்குள் ஏறிய கறுப்பு, ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்தில் அண்டா கழுவிய தண்ணீரோடு சாக்கடைக்குப் போயிருந்தது.

"எவடி ஒன்ன தேய்க்கச் சொன்னா?"

"நீதானக்கா அழுக்கா கீதுன்னு சொன்ன."

கோகிலவாணி காசை மறுபடி திருப்பிப் பார்த்தாள். அழுக்கானாலும் தேய்ந்தாலும் நிஜம் நிஜம்தானே என்று மனசைத் திருப்பினாள். விலைதானே போயிற்று? குழி நிரம்பினால் போதும். ஆனாலும் வயிற்றெரிச்சல் யார் தலையிலாவது இறங்க வேண்டுமே. காசைத் தராசில் போட்டாள்.

"தேச்சதுல எட கொறஞ்சிப்போச்சி. அர மூட்டைக்குக்கூட வராது. கால் மூட்டைக்கு தரேன். வேணும்னா குடு, இல்லன்னா எடத்த காலி பண்ணு."

"காலையில அர மூட்டன்னியேக்கா."

"காலையில ராசாவுக்கு கிரீடம் இருந்துச்சி. நீதான எறக்கின?"

இருசம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மலைக்குத் திரும்பக் கடைசி பஸ்ஸுக்கு நேரமிருந்தது. வேறு எங்கே போய் யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. வாசலில் காக்கிச் சட்டை நின்றது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். ஜெயம்மாள் அவளுக்கு மிச்சச் சோறு எடுத்து வைத்திருந்தாள்.

சாயங்காலம் மேடையில் ஆல்பம் விரிந்தது. காசிநாதன் ஒவ்வொரு குழியாகப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கடைசிக் குழியில் அவர் தலை நின்றது. காசை வெளியே எடுத்தார், விளக்கில் காட்டினார், கண்ணாடியை மாற்றினார்.

"யாரும்மா இதை இப்படித் தேச்சது?"

"வித்தவ தேச்சிட்டா சார். அழுக்குன்னு நெனச்சிக்கினு. மத்தபடி சுத்தமான காசு."

"முப்பத்தெட்டாம் வருஷத்துக் காசுல எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கறாங்க. செதுக்கின தடம் தெரியாம இருக்க மொத்தத்தையும் இப்படித்தான் தேச்சுப் பளபளப்பாக்குவாங்க. ஒன்பதைச் சுத்திப் பாரு, எவ்வளவு கீறல். இதை நிஜம்னு நான் எப்படிச் சொல்றது?" ஆல்பத்தை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். இந்தத் தடவை தலை ஆடவில்லை. "மத்ததெல்லாம் எங்கே வாங்கினே?"

தெய்வசிகாமணி மேடைக்குக் கீழே கைகட்டி நின்றார். "பொக்க வாய்க்குப் பல்செட்டு வச்சிட்டியா வாணி? சொல்லியிருந்தா சேலத்துல நல்லதா ஒண்ணு செஞ்சி குடுத்திருப்பேனே."

சிரிப்பு மண்டபத்தின் கோடிவரை போய்த் திரும்பியது. கோகிலவாணி மேடை விளிம்புக்கு வந்தாள். "வித்தவ இங்கதான் கீறா சார். வெதப்பானையில கெடந்த காசு. அவ வாயாலயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். கை கழுவிக்கொண்டிருந்த இருசம்மாளை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

மேடையெதிரே கூட்டம். நெஞ்சில் அட்டை தொங்கவிட்ட பெரிய மனிதர். வேடிக்கை பார்க்க உள்ளே வந்துவிட்ட காக்கிச் சட்டை. இருசம்மாள் எல்லாரையும் பார்த்தாள்.

"பயப்படாம சொல்லும்மா. இந்தக் காசு உன்னுதா?" என்றார் காசிநாதன்.

"காசா? எங்கிட்ட ஏதுங்க காசு?"

"சொல்லுடி. பானையில கெடந்துச்சின்னு சொல்லு" என்றாள் கோகிலவாணி.

"எந்தப் பானைங்க? நான் யாருக்கும் ஒண்ணும் குடுக்கலீங்க. சோறு போடறாங்கன்னு வந்தேன். தின்னேன்."

"அடிப்பாவி, மத்தியானம் நீதான குடுத்த? தேச்சேன்னு சொன்னியே?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. புள்ளைங்க மேல சத்தியமா தெரியாதுங்க."

காசிநாதன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "இந்த ஆல்பத்தை எடுத்துடுங்க" என்று விழாக்காரர்களிடம் சொன்னார். "இவங்க மேசையில காசு வாங்கினவங்க யாராவது இருந்தா என்கிட்ட ஒரு தரம் காட்டிட்டுப் போங்க."

ஓட்டை அடைத்த காசு வாங்கிய கல்லூரிப் பையன் பையைத் துழாவ ஆரம்பித்தான்.

கூட்டம் கலைந்தபோது இருசம்மாள் கோகிலவாணியின் பக்கம் ஒதுங்கி வந்தாள். இழுத்துவந்த பிடியில் மணிக்கட்டு சிவந்திருந்தது. யாரும் பார்க்கவில்லையென்று உறுதி செய்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"நீ சொன்ன மாதிரியே சொல்லிட்டங்கா. நீயே மெரட்டுற மாதிரி கேட்டப்பகூட நான் வாயத் தொறக்கல பாத்தியா? பயப்படாத. என்ன வெட்டிப்போட்டாலும் ஒன்ன காட்டிக் குடுக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு, கால் மூட்டை விதைக்கான பணத்தை மறுபடி ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வெள்ளிமலை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

கோகிலவாணி மேசைக்குத் திரும்பினாள். தெய்வசிகாமணி தன் சரக்கையெல்லாம் மூட்டை கட்டி முடித்துவிட்டு, தராசை மட்டும் வெளியே வைத்திருந்தார்.

"அந்தப் பளபளாவ எடைக்குப் போடறதுன்னா குடு. தேஞ்சத கழிச்சிக்கினு தரேன்."

அவள் காசை எடுத்து நீட்டினாளா, இல்லை எடுத்துப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாளா, அவளுக்கே தெரியவில்லை. தெய்வசிகாமணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்.