மகளின் கிருமிக்கு ஒரு தட்டு

செடிகளிலிருந்து எடுக்கும் சாறுகளால் பற்றீரியாக்களைக் கொல்ல முடியுமா என்று பார்ப்பதுதான் என் மகளின் வேலை. பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் இருக்கிறாள். மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் பெருகிவிட்டன, புதிய மருந்துகள் அந்த வேகத்தில் வருவதில்லை, அதனால் செடிகளிடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறோம் என்பாள். இதை ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களுக்கு விளக்கினாள். அவர்கள் கவனமாகக் கேட்டுவிட்டு, அவள் நாட்டு வைத்தியம் படிக்கிறாள் என்று முடிவு செய்தார்கள். அதன் பிறகு யாருக்குத் தடிமன் பிடித்தாலும் அவளுக்குத்தான் போன் வரும்.

"கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க" என்று சொல்லி வைத்துவிடுவாள். கண்டியில் கைக்குழந்தைக்கும் தெரிந்த வைத்தியம் அது. ஆனாலும் அவள் வாயால் கேட்டவர்களுக்குச் சீக்கிரம் சுகமானது.

போன வருஷம் அவளுக்கே காய்ச்சல் வந்தது. நாங்களும் கொத்தமல்லி அவித்தோம். அடுத்த நாள் பல் கிட்டித்துப் போகும் அளவுக்கு நடுங்கினாள். முதுகில் ஒரு பக்கம் தொட விடவில்லை. ஆஸ்பத்திரியில், சிறுநீரில் தொடங்கிய தொற்று சிறுநீரகத்துக்குப் போய், அங்கிருந்து இரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார்கள்.

நான் காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிறேன். மற்றவர்களுக்கு நடந்ததெல்லாம் என் மேசைக்கு வரும். ஆகவே நடக்கக்கூடியது எல்லாம் எனக்குத் தெரியும். அது எந்த உதவியும் செய்யாது என்பது அந்த வாரம்தான் தெரிந்தது.

பெண்கள் வார்டு. மனைவி உள்ளே, நான் வெளியே. பார்வையாளர் நேரம் வரும் வரைக்கும் நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருப்பேன். வார்டு டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், என் மகளைவிடச் சில வயதுதான் கூட இருக்கும்.

"ஐயா, ரெண்டு மருந்து குடுத்தம். கேக்கேல்ல. அவவின்ர கிருமி ரெண்டுக்கும் அடங்காத சாதி. இப்ப வேறொண்டு ஊசியில ஏத்திறம். பாப்பம்."

"அதுவும் கேக்கலன்னா?"

"பாப்பம்" என்றார் மறுபடியும்.

அவர் போன பிறகு கெலிஓயாவிலிருந்து மனைவியின் அக்கா வந்தார். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து என் கையில் வைத்து மூடினார். கறுவா இலை எண்ணெய், பட்டை மரத்தின் இலையில் வடிப்பது. கலகெதரவில் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, கலப்பில்லாததாக வாங்கினாராம்.

"தம்பி, சுடுதண்ணில நாலஞ்சு சொட்டு விட்டுக் குடுங்க."

"அக்கா, இது எதுக்கு?"

"என்ன கேள்வி இது? கறுவா எண்ணெய் கிருமியக் கொல்லுதுன்னு நம்ம புள்ளதானே கண்டுபிடிச்சா? அவ கண்டுபிடிச்சத அவளுக்கே குடுக்கலன்னா, பெறகு யாருக்குக் குடுக்கிறது?"

நட்டஈடு கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன் நான். இதற்கு இல்லை என்று சொல்லாமல் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு ஆசையாகவும் இருந்தது. போத்தலைச் சட்டைப் பைக்குள் போட்டேன். மூடி சரியில்லை. கறுவா இலை எண்ணெய் கறுவாவைப் போல மணக்காது, கராம்பைப் போல மணக்கும். கொஞ்ச நேரத்தில் நடைபாதை முழுக்கப் பல் வைத்தியரின் அறை மாதிரி ஆகிவிட்டது.

டொக்டர் திரும்பி வந்தபோது நின்று மூக்கை உறிஞ்சினார்.

"பல்லு வலியோ?"

போத்தலைக் காட்டினேன். கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

"அவவின்ர சிறுநீரகம் இப்ப ஒரு வேலையே கஷ்டப்பட்டுத்தான் செய்யுது. நீங்கள் இன்னொரு வேலை குடுக்காதேங்கோ."

அக்கா அதோடு விடவில்லை. பார்வையாளர் நேரம் வந்ததும் நேரே கட்டிலடிக்குப் போய், "மகளே, நீயே சொல்லு, உன் எண்ணெய் நல்லதா கெட்டதா?" என்றார்.

மகள் கண்ணைத் திறக்கவில்லை. உதடு வெடித்திருந்தது.

"பெரியம்மா, லாப் தட்டுல சாகுதுன்னுதான் சொன்னேன். பிளீச் ஊத்தினாலும் தட்டுல சாகும். குடிப்பீங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பி, "வாய் கொறையல. பொழச்சிருவா" என்றார். அந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி அதுதான். பிறகு நடைபாதைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து அழுதார்.

மூன்றாவது மருந்து கேட்டது. காய்ச்சல் இறங்கியது, சிறுநீரகம் தேறியது, மகள் வீட்டுக்கு வந்தாள். எல்லாரும் நிம்மதியாகிவிட்டார்கள். நான் புதிதாக இரண்டு வெப்பமானி வாங்கினேன். ஒன்று தவறாகக் காட்டினால் மற்றது இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு அளவைக் காட்டின. மூன்றாவதையும் வாங்கினேன்.

வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் ஒரு மாலை, சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, ஆஸ்பத்திரி லாப்ல கேட்டு வாங்கிட்டேன். அனுமதியெல்லாம் எடுத்துத்தான்."

"என்னத்த வாங்கின?"

"என் கிருமிய."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். நான் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"ஃப்ரிட்ஜ்ல."

"எந்த ஃப்ரிட்ஜ்ல?"

"ஐயோ அப்பா, லாப் ஃப்ரிட்ஜ்ல."

ஆனாலும் அன்றைக்கு எங்கள் ஃப்ரிட்ஜையும் ஒருமுறை திறந்து பார்த்தேன்.

அதை நேரில் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அரைநாள் லீவு போட்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று மகள் ஒரு வட்டத் தட்டைத் தூக்கிக் காட்டினாள். ஜெலி போன்ற ஏதோ ஒன்றின் மேல் வெளிறிய பூஞ்சணம் மாதிரி ஒரு படலம். என் பிள்ளையைக் கட்டிலில் போட்டு நடுங்க வைத்தது அது. பார்ப்பதற்கு, மூடாமல் வைத்த பாலின் ஆடையைவிட மோசமாக இல்லை. எனக்குக் கோபம் வந்தது, யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை.

தட்டில் சின்னச் சின்ன வட்டக் கடதாசிகள் ஒட்டியிருந்தன. மருந்து வேலை செய்தால் கடதாசியைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வளையம் விழுமாம். ஆஸ்பத்திரியில் தோற்ற மருந்துகளில் ஒன்றின் கடதாசியைச் சுற்றி வளையமே இல்லை. கிருமி கடதாசியின் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. கறுவா இலையிலிருந்து பிரித்த பொருளைக் கொஞ்சமாக விட்ட கடதாசிக்கும் வளையம் இல்லை. இரண்டையும் சேர்த்து விட்டதைச் சுற்றி மட்டும், நகக்கண் அகலத்தில் ஒரு வெளி.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"அப்பா, இது எவ்வளவு பெரிசு தெரியுமா? செடி தனியா கொல்லல. கிருமியோட தோலக் கொஞ்சம் இளக்கி விடுது போல. அந்த வழியா பழைய மருந்து உள்ள போகுது. 'போல'தான். இன்னும் உறுதியில்ல."

"எப்ப மருந்தாகும்?"

"ஆகாமலும் போகலாம். தட்டுக்குப் பிறகு எலி, எலிக்குப் பிறகு மனுஷன். நான் தட்டுலதான் நிக்கிறேன்."

"அந்தக் கிருமி ஒனக்குள்ள இப்ப இல்லதானே?"

அவள் தட்டை வைத்துவிட்டு வந்தாள். பொய் சொல்ல வராது அவளுக்கு. "குடல்ல இருக்கலாம். சும்மா இருக்கும், ஒண்ணும் செய்யாது. ஒங்க குடல்லயும் இருக்கலாம்."

"அப்ப திரும்ப வந்தா?"

"வராமப் பாத்துக்கணும். தண்ணி நெறையக் குடிக்கணும், அடக்கி வச்சுக்கக் கூடாது. டொக்டரும் அதத்தானே சொன்னாரு."

இத்தனை படிப்பும் இத்தனை தட்டுகளும் இருக்கும் இடத்தில் இப்போதைக்கு எங்கள் கையில் உள்ள மருந்து தண்ணீர் என்று புரிந்துகொண்டேன். அன்றே அவளுக்கு ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் கொடுத்தேன். பகல் சாப்பாட்டுக்கு முன் காலியாகிவிட வேண்டும், காலியானதும் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தம். முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். ஒழுங்காக அனுப்புகிறாள். சில நாள் போத்தலோடு நாக்கை நீட்டிக்கொண்டு அவளும் படத்தில் இருப்பாள்.

நேற்று வந்த படத்தில் போத்தலில் பாதித் தண்ணீர் இருந்தது. கீழே, "வேலை, பிறகு குடிக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். மனேஜரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு பேராதனை பஸ் ஏறினேன்.