இருபத்தோராவது பொட்டு

ஆயுத பூஜை முடிந்து நாலாவது நாள். எதிர்வீட்டுச் செல்வத்தின் ஸ்கூட்டர் ஸ்பீட் பிரேக்கரில் ஏறியதும் நின்றுவிட்டது... ஆறாவது தடவையாக. எண்ணுவது என் வியாதி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது கடையில் வாங்கிய எலெக்ட்ரிக் வண்டி இல்லை. பழைய ஸ்கூட்டரின் இன்ஜினைக் கழற்றி, பேட்டரியும் மோட்டாரும் வைத்து, பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக மாட்டி, செல்வம் வீட்டிலேயே செய்தது. விபத்துக்குப் பிறகு அவர் மனைவி ராணிக்கு வலது கால் ஊன்றாது. வில்லாபுரத்தில் இருந்து தன் தையல் கடைக்கு யார் தயவும் இல்லாமல் ராணி போய்வரத்தான் இத்தனை பாடு.

"நடு ரோட்டுல பஸ்சுக்கு முன்னாடி நின்னுச்சுன்னா? நாளைக்கே காயலான் கடைக்குப் போடுறேன்" என்றார் செல்வம்.

"போடுங்க. அப்புறம் தெனமும் என்னையத் தூக்கிட்டுப் போங்க." சொல்லிவிட்டு ராணி சீட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

பாவம், செல்வம் மூன்று நாளாக மீட்டரும் கையுமாக இருந்தார். பேட்டரி சரி. மோட்டார் சரி. இரண்டு ஃபியூஸ், ஒரு சுவிட்ச், நாலு வயர் மாற்றியாயிற்று. குலுங்கினால் மட்டும் நிற்கிறதே, ஏன்?

நான் ஸ்டூலில் உட்கார்ந்து வண்டியில் இருந்த பொட்டுகளை எண்ணினேன். பூஜைக்குச் சந்தனம் வைத்தது நான்தான் — இருபத்தொன்று. இப்போது இருபது. மறுபடி எண்ணினேன். இருபதுதான்.

அப்போதுதான் நினைவு வந்தது. அன்று ஆக்சிலேட்டர் வயரின் பிளக் கழன்று கிடந்தது. அதை மட்டும் விடுவானேன் என்று...

சொல்வதா, வேண்டாமா? ராணி இன்னும் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

செல்வம் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுப் பிளக்கைப் பிரித்தார். ஒரு பின் மேல் காய்ந்த சந்தனம்! குலுங்கும்போதெல்லாம் அதுதான் இணைப்பைத் துண்டித்திருக்கிறது.

"வண்டியில இம்புட்டு இடம் இருக்கு... இதுக்குள்ளயாண்ணே?" என்றார் செல்வம்.

பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் வண்டி சரியாகிவிட்டது.

நாம் எதற்குத்தான் பொட்டு வைக்காமல் விட்டோம்? கிரைண்டருக்கு உண்டு, கம்ப்யூட்டருக்கு உண்டு. வைக்கிற கைக்குப் பிரியம் தெரியும், கரண்ட் தெரியாது.

மறுநாள் காலை ராணி தனியாகக் கிளம்பினார். கடை வரை ஒன்பது ஸ்பீட் பிரேக்கர். நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பதினாலாவது நிமிடம் அடித்தது.

"ஒம்போதும் தாண்டிட்டேண்ணே! அடுத்த வருசம் வண்டிக்கு ஒரே பொட்டு. அதுவும் முன்னாடிதான்!"

சம்மதம். ஒன்றுதானே... இருந்தாலும், இரண்டு தடவை எண்ணிக்கொள்வேன்.